விரதத்தில் அளந்த மருந்து

தோட்டாவுக்கு வெடிமருந்து தெரிவுசெய்வது மாப்பிள்ளை தெரிவுசெய்வதைவிடக் கஷ்டமான காரியம் என்று சிவபாதம் மனைவியிடம் சொல்வார். மாப்பிள்ளை பிழையாகப் போனால் பெட்டையைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். மருந்து பிழையாகப் போனால் பிறகு எண்ணிப் பார்க்கக் கையில் விரல் இருக்காது. ஜெயமலர் இதைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை. துவக்கும் வெடியும் வேண்டாம் என்றுதானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு ஓடிவந்தோம், இங்கே வந்தும் இந்த மனுசனுக்கு அந்த வேலைதானா அகப்பட்டது என்பது அவளுடைய கவலை. அவள் கவலைப்பட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

வெளியே யாராவது கேட்டால், மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் வேலை என்றுதான் இருவரும் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. கிங்ஸ்ரன் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் முன்பக்கத்தில் தூண்டில்களும் றப்பர் சப்பாத்துகளும் தொங்கின. ரைபிள்களும் ரிவோல்வர்களும் பின்னால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. அதற்கும் கீழே, நிலவறையில், சிவபாதத்தின் மேசை. துவக்குக் கடையில் வேலை என்று எங்கள் சனத்திடம் சொன்னால், சம்பளம் என்ன என்று கேட்க முதலே எந்த இயக்கம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அதற்கான பதிலையும் தாங்களே நாலு வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஊரில் அவர் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். பொடிகளைத் தராசில் நிறுத்துப் பிள்ளைகளின் மேசைகளில் வைப்பது வேலை. கனடாவில் அந்த அனுபவத்தை மதித்து ஒருவரும் ஒரு கோப்பி வாங்கித் தரவில்லை. கோழி வெட்டினார், கோப்பை கழுவினார், ஆஸ்பத்திரி நிலம் துடைத்தார், இடையிடையே ஒரு வேலையும் இல்லாமல் வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டின் யன்னலில் நின்று பஸ் பார்த்தார். அப்படி நின்ற காலத்தில்தான் ஆர்வோ அகப்பட்டார்.

ஆர்வோ கடை முதலாளி. எழுபதை நெருங்கிய மனுசன். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டிலிருந்து யுத்த காலத்தில் சிறுவனாகப் படகேறி ஓடிவந்தவர். அவருடைய ஆங்கிலமும் நொண்டி, சிவபாதத்தின் ஆங்கிலமும் நொண்டி. அதனால் இருவருக்கும் பேச்சு நன்றாக ஓடியது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கோதுகளை வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோதைக் கழுவி, அடியில் தீப்பொறி தருகிற சின்னப் பிரைமரைப் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, மேலே சன்னம் என்கிற ஈயக் குண்டை இறுக்கித் திருப்பிக் கொடுப்பதுதான் நிலவறை வேலை. அதற்கு ஆர்வோ அரசாங்க உரிமம் வைத்திருந்தார். சிவபாதம் தராசைத் தொட்ட விதத்தைப் பார்த்தே அவரை வேலைக்கு எடுத்தார்.

ரைபிளின் கோது பெரியது, குழல் நீளம். சன்னத்தைக் குழல் முழுக்கத் தள்ளிக்கொண்டு போக மெதுவாக எரிகிற மருந்து வேண்டும். ரிவோல்வரின் குழல் ஒரு சாண்கூட வராது. அதற்குள் எரிந்து முடிகிற அவசரக்கார மருந்துதான் அதற்குச் சரி. ஒன்றின் மருந்தை மற்றதில் போடக்கூடாது. இந்தளவும் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ரிவோல்வருக்கென்றே அலுமாரியில் பல டின்கள் இருந்தன. ஒன்று சிக்கனம், ஒன்று புகை குறைவு, ஒன்று எந்தக் குளிரிலும் ஒரே மாதிரி எரியும். ஒவ்வொரு வாடிக்கையாளனுக்கும் ஒரு டின்னில் காதல். சிவபாதத்தைக் கேட்டால் அவர் எப்போதும் ஒன்றையேதான் எடுத்து வைப்பார். அவல் மாதிரித் தட்டைத் தட்டையாக, நிறைய இடம் பிடிக்கிற மருந்து அது. ஒரு அளவு போட்டால் கோது பாதிக்கு மேல் நிரம்பிவிடும். கவனம் பிசகி இரண்டாம் தரமும் போட்டால் வெளியே கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பொடியான மருந்து அப்படியல்ல. அது கோதின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டு தரம் போட்டாலும் வாய் திறக்காது. விசையை இழுக்கிறவனுக்குத்தான் அது தெரியவரும்.

“பிழை விட்டால் அந்தப் பிழை எனக்குத் தெரியவேண்டும்” என்று ஒருமுறை ஆர்வோவிடம் சொன்னார். “அப்படியான மருந்துதான் நல்ல மருந்து.”

ஆர்வோவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவரிடமும் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு நேரத்தில் மேசையில் ஒரு டின்தான் இருக்கலாம். வெறும் வயிற்றோடு ஒருவரும் மருந்தைத் தொடக்கூடாது. காலையில் சிவபாதம் கதவைத் திறந்ததும் அவர் குட்மோர்னிங் சொல்லமாட்டார், “சாப்பிட்டாயா?” என்றுதான் கேட்பார். கனடாவில் தன்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே வெள்ளைக்காரன் என்பதால் சிவபாதத்துக்கு அந்தக் கேள்வியில் ஒரு சொந்தம் இருந்தது.

இனி ராகுலனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் இவர்களுடைய ஒரே பிள்ளை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ரைப் பிடித்துப் புறப்பட்டபோது இரண்டு பேருக்குத்தான் வழி இருந்தது. பிள்ளையை ஜெயமலரின் தமக்கையிடம் விட்டு, போன கையோடு கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். போன கையோடு என்பது வருடக்கணக்காக இழுபட்டது. இவர்களுடைய நிரந்தர வதிவிடப் பத்திரமே தொண்ணூற்றாறாம் ஆண்டுதான் கைக்கு வந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்துப் பெரிய இடப்பெயர்வில் தமக்கை வன்னிக்குள் போய்விட, ராகுலன் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். கொழும்பில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் லொட்ஜில் இருப்பது என்றால் என்ன என்று அந்த வருடங்களில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்குவதற்கே பொலிஸில் பதியவேண்டும், பதிந்தாலும் இரவில் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். தட்டியபின் கூட்டிக்கொண்டு போன எல்லோரும் திரும்பி வருவதில்லை.

பிள்ளைக்குப் பத்தொன்பது முடிய முதல் ஸ்பொன்சர் பத்திரம் போய்ச் சேரவேண்டும் என்பது கனடாச் சட்டம். அதற்குப் பிறகு அவன் பிள்ளை இல்லையாம், வளர்ந்த ஆளாம். தொண்ணூற்றேழாம் ஆண்டு நவம்பர் கடைசியில் ராகுலனுக்குப் பத்தொன்பது. பத்திரத்தோடு, தகப்பன் ஒரு நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று முதலாளியின் கடிதம் ஒன்று வைக்கவேண்டும். ஆர்வோ மறுக்கவில்லை. ஒரு வருடம் முடியட்டும், வருடம் முடியாமல் நிரந்தரம் என்று எழுதினால் பொய் என்றார். நவம்பர் முதல் கிழமையோடு வருடம் முடிந்தது. மான் சீசன் தொடங்குகிற நெருக்கடி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஆறுதலாக இருந்து எழுதித் தருகிறேன் என்றார்.

அந்தக் கிழமைதான் கந்தசட்டியும் வந்தது.

சிவபாதம் அதற்கு முதல் விரதம் பிடித்தவர் அல்ல. கோயிலுக்குப் போனால் அன்னதான வரிசையில் முன்னுக்கு நிற்கிற ஆள். ஆனால் பிள்ளைக்காகப் பிடித்தால் முருகன் கைவிடமாட்டார் என்று ஜெயமலர் சொன்னபோது, தானும் பிடிக்கிறேன் என்றார். பிடிப்பது என்றால் முறையாகப் பிடிக்கவேண்டும் என்று பகலில் தண்ணீரும் இரவில் ஒரு கிளாஸ் பாலும் மட்டும் என்று தொடங்கினார்.

“உங்கட முதலாளி சாப்பிட்டியோ எண்டு கேப்பாரெல்லே,” என்றாள் ஜெயமலர். “என்ன சொல்லப் போறியள்?”

“ஓம் எண்டு சொல்லுவன்.”

“விரதத்தில பொய் சொல்லப்படாது.”

“சாப்பிடேல்லை எண்டு சொன்னா வீட்ட போ எண்டு கலைச்சுவிடுவார். கடிதம் எழுதுற கிழமையில லீவில நிக்கேலாது. பிள்ளைக்காகத்தானே சொல்லுறன். முருகன் விளங்கிக்கொள்ளுவார்.”

முருகன் விளங்கிக்கொண்டாரோ என்னவோ, ஆர்வோ நம்பினார். ஒவ்வொரு காலையும் கேட்டார். ஒவ்வொரு காலையும் சிவபாதம் ஓம் என்றார். மான் வேட்டைக்காரர்கள் கடையை நிரப்பினார்கள். ரைபிள் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக நிலவறையிலிருந்து மேலே போயின. முதல் நாட்களில் வயிறு கத்தியது, பிறகு அடங்கிவிட்டது. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது, இதுதான் விரதத்தின் பலன் என்று அவர் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை கென் வந்தார். ஓய்வெடுத்த பஸ் சாரதி. துப்பாக்கிச் சுடும் கிளப்பில் வியாழக்கிழமை பின்னேரம் போட்டி. தன் பழைய ரிவோல்வருக்குத் தோட்டா வேண்டும் என்றார். அந்த ரிவோல்வரின் கோது பழைய காலத்து நீளக் கோது. இதற்கென்றே பிறந்தது அவல் மருந்து. ஆனால் அது முடிந்துபோயிருந்தது. புதிய பெட்டி வர அடுத்த கிழமை ஆகும்.

“அடுத்த கிழமை வரைக்கும் பொறுக்கலாமா?” என்று சிவபாதம் கேட்டார்.

“போட்டி பொறுக்காதே” என்று கென் சிரித்தார். “அந்தப் பொடி மருந்தையே போடு. அதுவும் நன்றாகத்தானே சுடும்.”

சிவபாதம் ஆர்வோவைப் பார்த்தார். ஆர்வோ முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “நீ போட்டால் எந்த மருந்தும் எனக்குச் சரி, சிவா” என்றார். அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு சிவபாதம் படி இறங்கினார்.

கோதுகளைத் துளைப் பலகையில் வரிசை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றாக அளந்து போட்டுக்கொண்டு வந்தார். பாதி வரிசைகள் தாண்டியிருக்கும். கண் இருட்டியது. மேசையைப் பிடித்தபடி நிலத்தில் குந்தினார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. மேலே ஆர்வோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தில் எழும்பினார். எந்த வரிசையில் விட்டேன்? மூன்றாவதோ நாலாவதோ? அப்படி ஒரு சந்தேகம் வந்தால் எல்லாக் கோதையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதை ஆர்வோ அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே தனக்கு வைத்திருந்த சட்டம். அன்றைக்கு அவர் கொட்டவில்லை. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். ஆழக் கோதுகளின் அடியில் எல்லா இடமும் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று சன்னங்களை இறுக்கினார். முருகா என்றும் ஒருமுறை சொன்னார். அன்று பின்னேரமே கென் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை சூரன் போர். கோயில் என்பது ஸ்காபரோவில் கார் திருத்துகிற கடைகளுக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரு பண்டகசாலை. ஆறுதலாக நடந்து போர் செய்ய வீதி இல்லாதபடியால் முருகனும் சூரனும் கார் பார்க்கிங்கில்தான் சண்டை பிடிப்பார்கள். அன்றைக்குத் துமித்த பனியில், வேட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்ட இளைஞர்கள் சூரனைத் தோளில் வைத்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு தலையாக மாற்றவேண்டும். யானைத் தலை, சிங்கத் தலை, பிறகு சூரனுடைய சொந்தத் தலை. அவசரத்தில் தலை மாற்றுகிறவர்கள் குழம்பிப்போனார்கள்.

“டேய், சிங்கம் முதலே வந்திட்டுது.”

“இல்லை, இன்னும் வரேல்லை. நான்தானே கையில வைச்சிருக்கிறன்.”

“வந்தது, நான் கண்டனான்!”

சனம் சிரித்தது. சிவபாதம் சிரிக்கவில்லை. வந்ததா, வரவில்லையா? போட்டேனா, போடவில்லையா? நேற்று மூன்றாம் வரிசைக்கு நான் இரண்டாம் தரம் போட்டேனா?  கென்னின் கையும் கண்ணும் அவருக்கு முன்னால் வந்து நின்றன. சூரனின் தலை விழுந்து சனம் அரோகரா என்று கத்தியபோது அவர் ஜெயமலரைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

அவள் நல்ல மனுசி. ஆனால் தாய். “நாளைக்குப் பின்னேரம்தானே போட்டி?” என்றாள். “வெள்ளிக்கிழமை கடிதம் வரும். இரண்டு நாள் பொறுங்கோவன். பிழை இருக்கெண்டு உங்களுக்கும் வடிவாத் தெரியாதே.”

“தெரியாது.”

“அப்ப?”

“தெரியாதபடியால்தான் பயமாக் கிடக்கு.”

 அவர் கோயில் மடப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியில் ஆர்வோவைக் கூப்பிட்டார். அளக்கிறபோது மயக்கம் வந்தது, கென்னின் பெட்டியில் சந்தேகம் இருக்கிறது, சுடவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். ஆர்வோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் வா என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நேரம். ஜெயமலர் விடியவே எழும்பிச் சமைத்திருந்தாள். வந்து சாப்பிடுகிறேன் என்று சிவபாதம் பஸ் பிடித்தார். நிலவறையில் ஆர்வோவும் கென்னும் பெட்டியோடு நின்றார்கள். ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. ஆர்வோ ஒவ்வொரு தோட்டாவாகப் பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் வைத்து மரக்கட்டையில் அடித்தார். அடிக்க அடிக்கச் சன்னம் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த மருந்தைத் தராசில் கொட்டினார். சரி. அடுத்தது. சரி. அடுத்தது. சிவபாதம் சுவரோடு சாய்ந்து நின்று தராசின் முள்ளையே பார்த்தார். பிழையானது ஒன்று வந்துவிடக்கூடாது என்று கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில், ஒன்றாவது வரட்டும் என்றும் மனசு கேட்டது. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் வீண் போகக்கூடாதே. பெட்டி முடிந்தது. எல்லாம் சரி. ஒரு தோட்டாவில்கூட ஒரு மணி மருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கென் சிவபாதத்தின் முதுகில் தட்டினார். “இப்படிப் பயப்படுகிற ஆள்தான் எனக்கு வேண்டும்” என்றார். சிவபாதத்துக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். அந்தக் கிழமை முழுவதிலும் அவர் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

“ஏன் மயக்கம் வந்தது?” என்று ஆர்வோ கேட்டார்.

அந்த நேரத்திலும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இரவு நித்திரை இல்லை, பிரஷர், என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சிவபாதத்தின் மூளை வேலை செய்யவில்லை. விரதம் என்று சொன்னார். மகனுக்காக என்று சொன்னார். சனிக்கிழமையிலிருந்து சாப்பிடவில்லை என்றும் சொன்னார்.

ஆர்வோ சுத்தியலை மேசையில் வைத்தார். “நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன்.”

“ஓம்.”

“நீ ஒவ்வொரு நாளும் ஓம் என்றாய்.”

“ஓம்.”

கென் இடையில் புகுந்து, தோட்டா எல்லாம் சரிதானே, மனுசன் தானாகவே வந்து சொன்னானே என்று வாதாடினார். ஆர்வோ மறுத்துத் தலையை ஆட்டினார். “தோட்டா சரி என்பது அதிர்ஷ்டம். புதிய துப்பாக்கிச் சட்டம் வந்து என் கடையைப் பூட்டக் காரணம் தேடுகிறார்கள். அதையும் விடு. சிவா, நாளைக்குக் காலையில் நான் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். நீ ஓம் என்பாய். அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்யட்டும்?”

அதோடு சிவபாதத்தின் வேலை போயிற்று.  இந்தக் கதையைச் சொல்கிற நானும் ஆர்வோவைத் திட்டலாம் என்று எத்தனையோ தரம் வாயைத் திறந்து பார்த்தேன், திட்ட ஒரு சொல் அகப்படவில்லை. அந்த மனுசன் பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே. கடிதத்தைப் பற்றிச் சிவபாதம் கேட்டபோது, வேலையில் இல்லாத ஒருவரை வேலையில் இருக்கிறார் என்று என்னால் எழுத முடியாது, தெரிந்த உண்மையை எழுதுகிறேன் என்றார். அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தார். சிவபாதம் என்பவர் ஒரு வருடம் என்னிடம் வேலை செய்தார், நேர்மையானவர், தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னார் என்று அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாழையிலைக்குப் பதிலாகப் பேப்பர் தட்டுப் போட்டு, பாறணைச் சாப்பாடு மூடி வைத்திருந்தது. ஜெயமலரும் சாப்பிடாமல் காத்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“வேலை போட்டுதோ?”

“ஓம்.”

“கடிதம்?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் நிலத்தில் குந்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். தலையை நிமிர்த்திக் கேட்டாள். “பிழையான தோட்டா இருந்ததே?”

இல்லை என்று சொல்லத்தான் சிவபாதம் வாயைத் திறந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒருவனுடைய கைக்கும் ஒரு ஆபத்தும் இருக்கவில்லை, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாளைக்குக் கடிதம் வந்திருக்கும், ராகுலன் வந்திருப்பான். இதை எப்படி ஒரு தாயிடம் சொல்வது? அவள் இரண்டு நாள் பொறுங்கோ என்று கெஞ்சிக் கேட்டவள்.

“இருந்தது,” என்றார். “ஒண்டு.”

ஜெயமலர் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கைகளைக் கூப்பினாள். “அப்ப முருகன்தான் கோயிலில வைச்சு உங்களுக்குக் காட்டினவர். ஒரு மனுசன்ரை கண்ணைக் காப்பாத்தியிருக்கிறியள். அந்தப் புண்ணியம் எங்கட பிள்ளைக்குப் போய்ச் சேரும்.”

சிவபாதம் சோற்றில் கை வைத்தார். இத்தனை நாள் பசிக்குப் பிறகு ஒரு பிடிகூட உள்ளே போகவில்லை.

மறுநாள் ஆர்வோவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு இராசரத்தினத்திடம் போனார். இராசரத்தினம் ஒரு பிளாசாவில் பலசரக்குக் கடைக்கு மேல் அறை வைத்துக் குடிவரவுப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“நல்ல கடிதம் அண்ணை. ஆனா உதைச் சுவரில கொழுவத்தான் சரி. இமிக்ரேஷன்காரன் உங்கட நேர்மையைக் கேக்கேல்லை, வேலையைக் கேக்கிறான்.”

“வேற வழி?”

“மாதம் முடிய முதல் ஒரு வேலைக் கடிதம் கொண்டாங்கோ. அதுக்குப் பிறகு கொண்டந்தாலும் பிரயோசனமில்லை.”

சிவபாதம் அலைந்தார். ஸ்காபரோவில் அவர் ஏறி இறங்காத பக்டரி இல்லை. பழைய கோழித் தொழிற்சாலை திருப்பி எடுத்தது. ஆனால் மூன்று மாதம் முடியாமல் ஒருவருக்கும் கடிதம் கொடுப்பதில்லை என்றார்கள். பொய்க் கடிதம் ஒன்று எடுக்கலாம் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். ஜெயமலர் அதற்கும் சம்மதித்தாள். அந்த ஆள் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிட்டுக் கடைசியில் தொலைபேசியையே எடுக்கவில்லை. நவம்பர் போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஜெயமலருக்கு ஒரு ஆறுதல் கிடைத்துவிட்டது. மீன்பிடிக் கடை என்ற கதையை அவளே உடைத்துப்போட்டாள். கோயிலிலும் பஸ்ஸிலும் பலசரக்குக் கடையிலும் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னாள். “இவர் வேலையை விட்டது சும்மா இல்லை. ஒரு வெள்ளைக்காரன்ரை உயிரைக் காப்பாத்தித்தான் விட்டவர்.” சொல்லச் சொல்ல அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. கேட்ட சனம் சிவபாதத்தைக் கண்டால் கையைப் பிடித்துக் குலுக்கியது. எந்த இயக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு தரமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ராகுலனின் பிறந்தநாள் அன்று கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார்கள். லொட்ஜ்காரன் போய்க் கூப்பிட, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். ஜெயமலர்தான் முதலில் பேசினாள். சாப்பாட்டைக் கேட்டாள், காய்ச்சலைக் கேட்டாள், பிறகு வழக்கம்போலத் தகப்பனுடைய கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுகை வந்ததால் ரிசீவரைச் சிவபாதத்திடம் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றாள்.

“தம்பி,” என்றார் சிவபாதம்.

“அப்பா, பொலிஸ் பதிவு இனிப் புதுப்பிக்கேலாதாம். லொட்ஜ்காரன் வேற இடம் பாக்கச் சொல்லிட்டான். நான் வவுனியாவுக்குப் போறன். அங்கயிருந்து பெரியம்மாட்டப் போகப் பாக்கிறன்.”

வவுனியாவுக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அங்கே போகிற பத்தொன்பது வயதுப் பெடியனை ஆமியும் இயக்கமும் எப்படி எதிர்பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றும் தெரியும். போகாதே என்று சொன்னால் வேறு எங்கே போகச் சொல்வது? சிவபாதம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். தொலைபேசிக் கோடு இரைந்தது.

“அப்பா, அம்மா சொல்லுறது உண்மையே? ஒரு தோட்டா பிழையா இருந்ததே?”

குசினி வாசலிலிருந்து ஜெயமலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் தம்பி. இருந்தது.”

“நீங்கள் சொல்லாம விட்டிருந்தா அந்தாள்ரை கை போயிருக்கும், என்ன?”

“ஓம்.”

 ராகுலன் பெரிய ஆளைப்போல, ஆறுதலாகச் சொன்னான். “அப்ப நீங்கள் செய்தது சரிதான் அப்பா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

கோடு நின்றுவிட்டது. சிவபாதம் ரிசீவரை வைத்தார். ஜெயமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னவாம்? பிள்ளை என்ன சொன்னவன்?”

“நான் செய்தது சரியாம்,” என்றார் சிவபாதம்.